எழுத்து எழுத்தாக இருத்தல்: கல்லூரி அகப்பக்கமும் மாற்றுத்திறனாளி மாணவரும்

முன்னுரை

மலேசியப் பார்வையற்றோர் நலப்பணி வரலாற்றில் மலாக்கா மாநிலத்திற்குத் தனியிடம் உண்டு. ஆங்கிலிக்கன் திருச்சபையின் மருத்துவப் பணியினர் 1926ஆம் ஆண்டில் பார்வையற்றோர்க்கென மலாக்காவில் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம், சில ஆண்டுகளுக்குப் பின் பினாங்குக்கு இடம்பெயர்ந்தது. அக்காலத்தில் பார்வையற்ற பிள்ளைக்குக் கல்வியின் வாயிலாக இருந்தது பிரெய்ல் எழுத்து. இன்று உயர்கல்வியின் முதல் வாயிலாகக் கல்லூரியின் அகப்பக்கம் விளங்குகிறது. சேர்க்கை அறிவிப்பு, விண்ணப்பப் படிவம், உதவித்தொகை விவரம், கால அட்டவணை, விரிவுரைக் குறிப்பு ஆகியன அனைத்தும் அவ்வழியாகவே மாணவரை அடைகின்றன.

மலாக்காத் தமிழரின் வாழ்வு தோட்டங்களோடு பிணைந்தது. 1890களில் புக்கிட் லிந்தாங்கிலும் புக்கிட் ஆசாகானிலும் தொடங்கிய வணிக ரப்பர்ப் பயிரீடு பின்னர் மாநிலமெங்கும் பரவியது. இன்று தோட்டத்துக்கும் கல்லூரிக்கும் இடையே நிலத்தொலைவு மிகுதியில்லை. ஆயர் குரோவை அடுத்துப் பல்லூடகப் பல்கலைக்கழகமும், டுரியான் துங்கலில் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இயங்குகின்றன. ஆயினும், ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வாழும் பார்வையற்ற மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கல்லூரி ஒன்றின் தமிழ்ப்பிரிவு உதவித்தொகை அறிவிப்பைத் தன் பக்கத்தில் வெளியிடுகிறது. அவருடைய திறன்பேசி அப்பக்கத்தை வாசிக்கையில் 'படம்' என்று மட்டும் கூறிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறது. முடிவு நாளை அவர் அறியவே இல்லை. அறிவிப்பு எல்லார்க்கும் வெளியிடப்பட்டது என்று கல்லூரி கருதும். அவரைப் பொறுத்தவரை அது வெளியிடப்படவே இல்லை.

இத்தகைய தடைகள் எவ்வாறு உண்டாகின்றன, அவற்றைக் களைவதில் தமிழாசிரியர்க்கும் விரிவுரையாளர்க்கும் உள்ள பங்கு யாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. சட்டமும் நெறிமுறையும்

மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) 2008ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. அதன் 28ஆம் பிரிவு கல்வி பெறும் உரிமையையும், 30ஆம் பிரிவு தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றை அணுகும் உரிமையையும் பேசுகின்றன. இணையத்தை அணுகும் வாய்ப்பையும் உள்ளடக்கிய ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 2010ஆம் ஆண்டு ஏற்புறுதி செய்தது. எனினும், 2008ஆம் ஆண்டுச் சட்டம் உரிமைகளைக் கூறிய அளவுக்கு அவற்றை மீறுவோர்க்குத் தண்டனைகளை வகுக்கவில்லை. எனவே, பக்கத்தை உருவாக்குவோரின் பொறுப்புணர்ச்சியே நம்மிடையே முதன்மை பெறுகிறது.

வழக்கு வழியே இவ்வுரிமை நிலைநாட்டப்பட்ட இடங்களும் உண்டு. 2000ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக் விளையாட்டுக்கான அகப்பக்கத்தைத் தம்மால் பயன்படுத்த இயலவில்லை என்று புரூஸ் மகுவயர் என்னும் பார்வையற்றவர் முறையிட்டார். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆணையை முழுமையாக நிறைவேற்றாத ஏற்பாட்டுக் குழு 20,000 ஆஸ்திரேலிய வெள்ளி இழப்பீடு வழங்க நேர்ந்தது. படங்களுக்கு மாற்றுரை இல்லாமையும் அம்முறையீட்டில் அடங்கும்.

வையவிரி வலைக் கூட்டமைப்பு வகுத்துள்ள அணுகல் நெறிமுறைகளே இத்துறையில் உலகப் பொதுவான அளவுகோலாகும். அவற்றின் முதற்பதிப்பு 1999இலும், இரண்டாம் பதிப்பு 2008இலும், 2.2 பதிப்பு 2023இலும் வெளிவந்தன. உள்ளடக்கம் புலனுக்கு எட்டுதல், இயக்க இயலுதல், விளங்குதல், பலவகைக் கருவிகளிலும் நிலைத்துச் செயற்படுதல் என்னும் நான்கு கொள்கைகளின்மீது இரண்டாம் பதிப்பும் அதன் பின்வந்தவையும் அமைந்துள்ளன.

2. தமிழ்ப் பக்கத்தின் தனிச்சிக்கல்

மேற்கூறியவை எல்லா மொழிக்கும் பொது. கல்லூரி அகப்பக்கத்தின் மலாய், ஆங்கிலப் பகுதிகள் ஓரளவு நன்கு அமைந்திருந்தும் தமிழ்ப் பகுதி பின்தங்கி நிற்பதற்கு மூன்று காரணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது, தமிழ் அறிக்கையைப் படமாக்கி இடும் வழக்கம். பிறர் கணினியில் எழுத்துரு இருக்குமோ இராதோ என்னும் ஐயம் ஒரு காலத்தில் நியாயமானதே. அதனால் அறிக்கையை அச்சிட்டு, வருடியில் படமெடுத்து, அப்படத்தைப் பக்கத்தில் ஏற்றினோம். அத்தேவை நீங்கிய பின்னும் வழக்கம் நீங்கவில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அது கணினிக்கு வெறும் புள்ளிகளின் தொகுப்பு. படத்திலுள்ள எழுத்தை அறியும் மென்பொருள்கள் இன்று திறன்பேசியிலேயே உள்ளன என்பது உண்மைதான். ஆயினும், மங்கிய படத்தில் ஒரு தேதியோ தொகையோ பிழைபடின், கேட்பவர் அதனைச் சரிபார்க்க வழியில்லை.

இரண்டாவது, பழைய எழுத்துரு முறை. ஒருங்குறி 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்தது. தமிழ்நாட்டரசும் 2010இல் அதனை ஏற்றது. அதற்கு முன்னர் உருவான ஆவணங்கள் பல இன்னும் அப்படியே உள்ளன. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால் கணினியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்திக் காட்டுகிறது. திரைவாசிப்பு மென்பொருளோ போர்வையைக் காணாது, உள்ளிருப்பதையே வாசிக்கும். ஆகவே, மொழியின் பெயரே அதன் வாயில் பொருளற்ற ஒலியாகிறது.

பழைய முறைகளில் எழுத்தின் வரிசையும் மாறியிருக்கும். 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் இறுதியிலுமாக மூன்று துண்டுகள் பதியும். ஒருங்குறியில் ககர மெய்யுருவும் ஒகர உயிர்க்குறியும் ஒலிக்கும் முறையிலேயே நிற்கும். எழுத்திலக்கணம் கற்பிக்கும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. முன்னது கண் காணும் வரிசை. பின்னது நா ஒலிக்கும் வரிசை. கேட்டுப் படிப்பவர்க்குப் பின்னதே தேவை.

பிடிஎஃப் ஆவணங்களில் இச்சிக்கல் மறைந்து நிற்பதுண்டு. ஒருங்குறியில் தட்டச்சு செய்த கட்டுரையும் பிடிஎஃப் ஆக மாறுகையில் உயிர்க்குறிகள் இடம் பிறழ்வது இயல்பாகக் காணப்படுகிறது. இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. ஆவணத்தின் ஒரு பத்தியைப் படியெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கே தமிழ் சிதைந்து வருமாயின், திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது சிதைந்தே கிட்டும். முக்கிய அறிவிப்பை வலைப்பக்க உரையாகவே வெளியிட்டு, அச்சிட விரும்புவோர்க்குப் பிடிஎஃப் வடிவத்தை உடன் வைப்பதே தக்க முறை.

மூன்றாவது, மொழிக் குறிப்பு இன்மை. நம் பக்கங்களில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்து வருகின்றன. ஒவ்வொரு பகுதியும் எம்மொழியில் உள்ளது என்று நிரலில் குறித்தல் வேண்டும் என்பது நெறிமுறைகளின் ஒரு விதி. குறிக்கத் தவறின், மலாய்ச் சொற்றொடரை ஆங்கில ஒலிப்பில் வாசிப்பதும், தமிழை வாசியாமல் தாண்டிச் செல்வதும் நேரக்கூடும். பக்கத்தை அமைக்கும் தொழில்நுட்பருக்குத் தமிழ் தெரியாதபோது இக்குறையை அவர் உணர வாய்ப்பில்லை. உணர்த்த வேண்டியவர் நாமே.

3. மாற்றுரை எழுதுதல்

படங்களுக்கு உரிய மாற்றுரையை எழுதுவது மொழிப்பணியே ஆகும். திருக்குறள் எழுதிய பதாகையின் படத்திற்குப் 'படம் 1' என்று பெயரிடுதல் போதாது. அக்குறள் முழுவதும் மாற்றுரையில் இடம்பெற வேண்டும். வரைபடத்திற்கு அது காட்டும் கருத்தைக் கூற வேண்டும். வெறும் அழகுக்காக இட்ட கோலத்திற்கோ மாற்றுரையை வெறுமையாக விடுவதே முறை; இன்றேல் கேட்பவரின் நேரம் வீணாகும். ஒரு படம் அங்கே எதற்காக உள்ளது என்று வினவினால் உரிய மாற்றுரை தானே அமையும்.

4. பிற பயனாளர்

மாற்றுத்திறன் பார்வையின்மையோடு முடிவதன்று. பார்வை குன்றியோர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பர். 200 விழுக்காடு பெரிதாக்கியும் பக்கம் குலையாதிருத்தல் வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் அளவில் இருத்தல் வேண்டும். தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஆதலின், வெளிர்சாம்பல் நிறத்துச் சிற்றெழுத்து தமிழுக்கு மேலும் பொருந்தாது. வரி இடைவெளி குறுகின் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படும்.

கை இயக்கம் குன்றியோர் சுட்டியின்றி விசைப்பலகை கொண்டே படிவத்தை நிரப்புவர். சுட்டியால் மட்டுமே தேதியைத் தேர்ந்தெடுக்க இயலும் நாள்காட்டி அவர்க்குப் பூட்டிய கதவு. செவிப்புலன் குன்றியோர்க்கு விரிவுரைக் காணொளிகளில் எழுத்துரை தேவை. தானியங்கி எழுத்துரையில் இலக்கியப் பெயர்களும் கலைச்சொற்களும் பெரிதும் பிழைபடுதலால், பாடம் அறிந்த ஒருவர் அதனைத் திருத்துதல் இன்றியமையாதது.

நம் நாட்டு அகப்பக்கங்கள் பலவற்றில் சக்கர நாற்காலிச் சின்னம் பொறித்த பொத்தான் ஒன்றைக் காண்கிறோம். எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்ற அது உதவும். ஆனால், படமாகிவிட்ட அறிவிப்பை அது உரையாக்காது, பாமினியைத் தமிழாக்காது. இத்தகைய துணைக்கருவியைப் பொருத்தினாலே எந்தப் பக்கமும் நெறிமுறைகளுக்கு இணங்கிவிடும் என்று விளம்பரம் செய்த நிறுவனம் ஒன்றின்மீது அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2025இல் 10 இலட்சம் டாலர் செலுத்துமாறு நடவடிக்கை எடுத்தது ஈண்டுக் கருதத்தக்கது.

5. சோதித்தல்

சோதனைக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பார்வையற்றோரான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகியோர் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2006இல் தொடங்கிய அம்மென்பொருள் தமிழையும் வாசிக்கும். திரையை அணைத்துவிட்டு, நம் துறையின் பக்கத்தை அதன்வழிக் கேட்போம். சுட்டியை அகற்றிவிட்டு ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பார்ப்போம். தானியங்கிச் சோதனைக் கருவிகள் மாற்றுரை உண்டா என்று சொல்லும். அது பொருளுடையதா என்று சொல்லா. அதனைச் சொல்ல வல்லவர் மாற்றுத்திறனாளி மாணவரே. அவரை அழைத்துக் கேட்பதும், அவ்வுழைப்புக்கு உரிய ஊதியம் அளிப்பதும் கல்லூரியின் கடமை.

முடிவுரை

தமிழ்க் கணிமையில் மலேசியா முன்னின்ற நாடு. முரசு அஞ்சல் மென்பொருள் உருவானது இங்கே. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றதும் கோலாலம்பூரில்தான். அத்தகைய நாட்டில் தமிழ் அறிவிப்பு படமாக முடங்கிக் கிடப்பது பொருத்தமன்று. பக்கத்தின் நிரலை அமைப்பவர் வேறொருவராயினும், அதிலுள்ள தமிழை எழுதுபவர் நாம். அது எழுத்தாகவே பதிந்துள்ளதா, மொழி குறிக்கப்பட்டுள்ளதா, படத்திற்கு உரை உள்ளதா என்று வெளியிடுமுன் பார்க்கும் வழக்கத்தை ஒவ்வொரு துறையும் மேற்கொள்ளலாம். ஜாசின் மாணவிக்கு முடிவு நாள் உரிய நேரத்தில் தெரிவது அவ்வழக்கத்தைப் பொறுத்தே உள்ளது.