மறுபடியும் பரீட்சையா?

குன்னூரிலோ உதகையிலோ உங்கள் வீட்டுப் பெண் பி.காம். முடித்திருக்கிறாள். ஐ.ஐ.எம்.மில் நிர்வாகவியல் படிக்க ஆசைப்பட்டு, ‘கேட்’ என்னும் நுழைவுப் பரீட்சை எழுதினாள். ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கிவிட்டாள். கணக்கில் கோட்டை விட்டுவிட்டாள். “அடுத்த வருஷம் மறுபடியும் எழுதுகிறேன், அம்மா” என்கிறாள். ஒரு வருஷம் வீணாகுமே என்று பாட்டிக்கு விசாரம். நீங்கள் யார் பக்கம்?

பதில் சொல்லுமுன் விதிகளைப் பாருங்கள். ‘கேட்’ வருஷத்துக்கு ஒரே முறை, நவம்பர் கடைசியில் நடக்கிறது. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். ஐ.ஐ.எம்.கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே குறைந்தபட்ச வரம்பு வைக்கின்றன. ஆகவே ஆங்கில மார்க்கைக் கொண்டு கணக்கின் ஓட்டையை அடைக்க முடியாது. ஆனால் இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது. வெளிநாட்டுக் கல்லூரிகள் ஏற்கும் ‘ஜிமேட்’ பரீட்சையை 16 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்தில் 5 தடவை எழுதலாம். கட்டணம்தான் கையைக் கடிக்கும்.

‘கேட்’ கணக்கில் பெரும்பகுதி பத்தாம் வகுப்புக்குள் படித்ததே: சதவீதம், விகிதம், வேகம், இயற்கணிதம். பிறகு ஏன் தவறுகிறது? நம் ஊர்க் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 100 கிலோ பசுந்தேயிலையில் 80 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். வாட்டிய பிறகு தண்ணீர் 60 சதவீதமாகிறது. இப்போது எடை என்ன?

80 கிலோ என்கிறீர்களா? அவசரப்பட்டுவிட்டீர்கள்! போனது தண்ணீர் மட்டும்தானே? தண்ணீர் நீங்கலான 20 கிலோ அப்படியே இருக்கிறது. இப்போது அது நூற்றுக்கு 40 பங்கு. எனவே மொத்த எடை 50 கிலோ.

பார்த்தீர்களா, இதில் புத்திக் குறைவு ஏதுமில்லை. எதைப் பிடித்துக் கணக்கைத் தொடங்குவது என்பதில்தான் சறுக்கல். அந்தச் சறுக்கலைக் கண்டுபிடிக்காமல் மறுபடி எழுதினால் பழைய மார்க்கே வரும்.

பரீட்சைக்குப் பின் அவள் அளித்த விடைகளும் சரியான விடைகளும் இணையதளத்தில் கிடைக்கின்றன. அவற்றை எடுத்து, ஒரு நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: தெரியாதது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாமல் விட்டது. முதல் பத்தி நீண்டால் பாடப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இரண்டாவது நீண்டால் தினம் பத்துக் கணக்கு நிதானமாய்ப் போட வேண்டும். மூன்றாவது நீண்டால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழக வேண்டும்.

‘விடுவது’ம் ஒரு வித்தைதான்! அண்மை ஆண்டுகளில் கணக்குப் பகுதியில் 22 கேள்விகள். சரியான விடைக்கு 3 மார்க். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மார்க் போய்விடும். பத்து மட்டும் தொட்டுப் பத்தும் சரியானால் 30. அத்தகைய கேள்விகளில் இன்னும் ஆறு தொட்டு ஆறும் தவறினால் 24 தான்!

வருஷம் வீணாகிறதே என்ற கவலைக்கும் வழி உண்டு. ஒரு வேலையில் சேர்ந்து, காலையில் இரண்டு மணி நேரம் படிக்கலாம். சம்பளமும் வரும், அனுபவமும் சேரும்.

மலைவாசிகளுக்கு இன்னொரு வார்த்தை. பரீட்சை எழுதக் கோயம்புத்தூருக்குப் போவதானால் முன்தினமே இறங்கிவிடுங்கள். 2009 நவம்பரில் பெருமழையும் நிலச்சரிவும் நீலகிரிப் பாதைகளை அடைத்தது நினைவிருக்கும். கணக்கைச் சரிசெய்துகொண்ட பெண், மழையால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டாம், அல்லவா?