மேடைக்கு வந்த வீட்டுக் கதைகள்

"நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. நான் வீட்டில நிக்கிறன்" என்றாள் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த தோழி. பாடசாலைக் காலத்தில், பாடச் சொன்னால் முதலில் எழுந்து நிற்பவள் அவள்தான். கணவர் இறந்த பின் மூன்று வருடங்களாக எந்தக் கொண்டாட்டத்திற்கும் அவள் போகவில்லை. "புருசன் இல்லாதவள் பாட்டுக் கேக்கப் போனாளாம் எண்டு ஆக்கள் கதைப்பினம்" என்பதே அவளது பயம்.

அமெரிக்காவில், ரெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வசிக்கும் எமது மற்றத் தோழியின் வீட்டில் நாம் மூவரும் பல வருடங்களின் பின் ஒன்றுகூடியிருந்தோம். வீட்டுக்காரி விடுவதாக இல்லை. "கதைக்கிறவை கதைக்கட்டும். நீ வெளிக்கிடடி" என்று சொல்லி, மூன்று ரிக்கற்றுகளையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாம் சென்றது 'கிராண்ட் ஓல் ஒப்ரி' என்னும் கன்ட்ரி இசை நிகழ்ச்சிக்கு. 1925ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய இது, நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நடைபெற்று வருகின்றது. சுமார் 4,400 பேர் அமரக்கூடிய மண்டபம். தேவாலயத்தில் உள்ளவை போன்ற நீண்ட வாங்குகள். மேடையின் நடுவில் ஆறு அடி அகலத்தில் ஒரு மரவட்டம் பதிக்கப்பட்டுள்ளது. 1974இல் புதிய மண்டபத்திற்கு மாறியபோது பழைய மேடையிலிருந்து வெட்டி எடுத்து வரப்பட்ட பலகை அது. 2010இல் பெருவெள்ளம் மேடையை மூடியபோதும் அது தப்பிப் பிழைத்தது.

ஜிம் ரீவ்ஸின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் எம்மத்தியிலும் பலர் உள்ளனர். அந்தப் பாடல்களும் கன்ட்ரி இசையே. ஸ்கொட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் கதைப்பாடல்களும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் பான்ஜோ வாத்தியமும் கலந்து உருவானது இந்த இசை. உழைப்பு, வறுமை, பிரிவு, குடும்பம் என்பனவே இதன் பொருள்.

ஆனால் பெண் தன் கதையைத் தானே பாடுவது அங்கும் எளிதாக இருக்கவில்லை. 1952இல் மூன்று பிள்ளைகளின் தாயான கிற்றி வெல்ஸ், 125 டொலர் கூலிக்காக ஒரு பாடலை ஒலிப்பதிவு செய்தார். பெண் வழிதவறுவதற்கு அவள் மட்டுமா காரணம், ஏமாற்றும் ஆணுக்கு அதில் பங்கில்லையா என்று கேட்ட பாடல் அது. வானொலியில் அதற்குத் தடை வந்தது. இருந்தும் கன்ட்ரி இசைத் தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல் தனிப் பாடகி என்ற பெருமையை அப்பாடலே அவருக்குத் தேடிக்கொடுத்தது.

கென்ரக்கி மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர் லொரெற்றா லின். பதினைந்து வயதில் திருமணம். இருபது வயதளவில் பல பிள்ளைகள். கணவர் வாங்கிக் கொடுத்த மலிவான கிற்றாரில் தானாகவே பழகிப் பாடகியானார். 1975இல் கருத்தடை மாத்திரை பற்றி அவர் பாடியபோது பல வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்ப மறுத்தன. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றுக் களைத்த பெண்களோ அதனைத் தம் கதையாகவே கேட்டனர். 2022இல் 90 வயதில் அவர் காலமானார்.

இவற்றையெல்லாம் வீட்டுக்காரத் தோழி காரில் போகும்போதே எமக்குச் சொல்லிவிட்டாள். அந்நிகழ்ச்சியில் ஒருவர் மாறி ஒருவராக வந்து இரண்டு, மூன்று பாடல்களே பாடுவார்கள். நடுத்தர வயதுடைய ஒரு பாடகி கிற்றாருடன் அந்த மரவட்டத்தில் வந்து நின்றார். கணவன் போன பின் இரவுச் சாப்பாட்டுக்கு இன்னமும் இரண்டு கோப்பை எடுத்து வைக்கும் பெண்ணைப் பற்றிப் பாடினார். மண்டபம் அமைதியாகியது. அருகில் விம்மல் கேட்டது. நான் அவளது கையைப் பிடித்துக்கொண்டேன். மறுபக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர், எதுவும் கேளாமல் ஒரு கைதுடைப்பானை நீட்டினார். அவரது கண்களும் கலங்கியிருந்தன.

"நானும் இப்பிடித்தான் ரெண்டு கோப்பை வைக்கிறனான். ஆருக்கும் சொல்லேல்லை" என்றாள் வெளியே வந்தபோது.

திரும்பும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. வீட்டை நெருங்கும்போது, பின் ஆசனத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது. பாடசாலையில் அவள் பாடிப் பரிசு பெற்ற அதே பாட்டு. இடையில் அடி மறந்தபோது நாம் இருவரும் எடுத்துக் கொடுத்தோம்.

துணையை இழந்த பெண்ணுக்கு நாம் சோறு கொடுக்கிறோம், ஆறுதல் சொல்கிறோம். ஆனால் அவள் சிரிக்கவும் பாட்டுக் கேட்கவும் உரிமையுள்ளவள் என்பதை மறந்துவிடுகிறோம். எமது அயலிலும் கதவடைத்துக்கொண்டு இருக்கும் ஒரு தோழி இருப்பாள். கோயில் திருவிழாவோ, பாடசாலைக் கலைவிழாவோ, அடுத்த தடவை போகும்போது அவளது படலையைத் தட்டுவோம். "வெளிக்கிடடி" என்று சொல்ல ஒருத்தி வேண்டும்.