தீநீர் இறக்கும் வாலை: உறுப்புகளின் அமைப்பும் மணமும்

முன்னுரை

சித்த மருத்துவம் அகமருந்துகளை 32 வகையாகப் பகுக்கிறது. அவற்றுள் ஒன்று தீநீர். மணமுடைய சரக்கை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பெறுவதே தீநீர். அதற்குரிய கருவி வாலை. திருவரங்கம் கோயிலிலுள்ள தன்வந்திரி சன்னதியும், அங்கிருந்த ஆரோக்கியசாலை புதுப்பிக்கப்பட்டதைக் கூறும் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டும் திருச்சிராப்பள்ளிப் பகுதியின் மருத்துவ மரபுக்குச் சான்றுகளாகும். மருத்துவசாலை இருந்தது என்பதோடு நில்லாமல், மருந்து உருவான விதத்தையும் அறியக் கருவிகளைப் பற்றிய அறிவு தேவைப்படுகிறது. அவ்வகையில், ஓமத் தீநீரை எடுத்துக்காட்டாகக் கொண்டு வாலையின் அமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆவியும் மணமும்

ஓமத்தின் மணத்திற்கு முதன்மைக் காரணம் தைமால். இதன் கொதிநிலை சுமார் 232 பாகை செல்சியசு. எனினும் நீருடன் கொதிக்கும்போது இரண்டின் ஆவியழுத்தங்களும் கூடுவதால், 100 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே தைமால் நீராவியோடு வெளியேறுகிறது. எனவே மணத்தைப் பெறுவதற்குக் கடுந்தீ தேவையில்லை. சீரான தீயே போதும்.

உறுப்புகளின் அமைப்பு

பானை: சரக்கு அடியில் படிந்தால் தீய்ந்து, தீநீரில் கருகல் வாடை ஏறும். ஓமத்தை இடித்து ஊறவைத்து, துளைத்தட்டின்மேல் இடுவது இதனைத் தவிர்க்கும். பானையின் மேற்பகுதியில் வெற்றிடம் இருத்தல் வேண்டும்; இல்லையேல் நுரை பொங்கிக் குழாயில் புகும்.

கழுத்து: இது சற்று உயர்ந்திருந்தால் ஆவியுடன் எழும் நீர்த்துளிகள் மீண்டும் பானைக்குள் விழும். தீநீர் நிறமின்றித் தெளிவாக இறங்கும்.

இணைப்பு: பொருத்துவாய்களில் சீலைமண் பூசப்படுகிறது. சிறு இடைவெளி இருப்பினும் முதலில் இழக்கப்படுவது மணமே. ஆயினும் ஆவி வெளியேறும் வழி ஒருபோதும் அடைபடக்கூடாது. அடைபட்டால் அழுத்தம் மிகுந்து கலம் வெடிக்கக்கூடும்.

குழாயும் குளிர்நீரும்: குழாய் வாங்குகலம் நோக்கித் தொடர்ந்து சரிந்திருத்தல் வேண்டும். நடுவில் தொய்ந்தால் நீர் தேங்கி ஆவியைத் தடுக்கும். குளிர்நீர் சூடேறினால் மணம் ஆவியாகவே வெளியேறிவிடும். மாறாக, தைமால் சுமார் 50 பாகைக்குக் கீழ் உறையும் இயல்புடையதாதலால், மிகக் குளிர்ந்த குழாயின் உட்சுவரில் படியவும் கூடும். ஓமப்பூ எனப்படுவது இவ்வாறு உறைந்த தைமாலே.

வாங்குகலம்: முதலில் இறங்குவதில் மணம் மிகுதி, போகப்போக வெறும் நீரே மிகும். ஆகவே இறக்குவதை நிறுத்தும் தருணமும் தீநீரின் தரத்தை முடிவு செய்கிறது.

வாலையும் சாராயமும்

சாராயம் காய்ச்சுவதற்கும் இதே கோட்பாடுடைய கருவி பயன்படுகிறது. ஆனால் சாராயத்திற்கு நொதித்த ஊறல் இன்றியமையாதது; ஓமத் தீநீரில் நொதித்தல் இல்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தடுப்பது மதுவையே. இவ்வேறுபாட்டை உணராதவிடத்து, மருத்துவச் சுவடிகளில் வரும் 'வாலை' என்னும் சொல்லை மதுவோடு மட்டும் பொருத்திப் பிழையாகப் பொருள்கொள்ள நேரும்.

முடிவுரை

ஒரே சரக்கும் ஒரே அளவும் கொண்டு இறக்கினும், வாலையின் அமைப்பு மாறினால் தீநீர் மாறும். ஆதலின் மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் சரக்குப் பட்டியலுக்குத் தரும் கவனத்தைக் கருவி, தீ, இறக்கும் பதம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கும் தருதல் வேண்டும்.