செம்பிற் களிம்பும் திருமேனி பேணலும்

ஆன்மாவை அநாதியே பற்றிநிற்கும் ஆணவமலத்திற்குச் சைவசித்தாந்த நூல்கள் எடுத்துக்காட்டும் உவமைகளுள் நெல்லில் உமியும் செம்பிற் களிம்பும் யாவரும் அறிந்தன. இவற்றுட் களிம்பை நாம் ஏட்டில் மாத்திரமன்றிப் பூசையறையிலும் காண்கின்றோம். இல்லங்களில் எழுந்தருளியுள்ள பித்தளைத் திருமேனிகளின்மேல் அது படருந்தோறும் புளியிட்டுத் தேய்த்துப் போக்குதல் வழக்கம். அங்ஙனம் போக்குதற்கு ஓர் எல்லை உண்டென்பதும், அவ்வெல்லை சித்தாந்தத்தோடு இயைவதென்பதும் ஈண்டுக் கூறப்படும்.

பித்தளை செம்பொடு துத்தநாகம் கலந்தது; வெண்கலம் செம்பொடு வெள்ளீயம் கலந்தது. சோழர் காலத்துத் திருமேனிகள் பெரும்பாலும் செம்பு மிகுந்து, வெள்ளீயமும் காரீயமும் சிறிதளவாகக் கலந்து வார்க்கப்பெற்றவை. பெயர் வேறுபடினும் எல்லாவற்றினும் செம்பே முதன்மைப் பொருளாதலின் களிம்பும் எல்லாவற்றிற்கும் பொதுவாயிற்று.

அற்றேல், களிம்பு காற்றும் ஈரமும் கூடியவழிப் பின்னர்த் தோன்றுவதாகலின், அதனை அநாதிமலத்திற்கு உவமை கூறல் பொருந்துமோ எனின், பொருந்தும். அதே காற்றும் ஈரமும் பொன்னைப் பற்றினும் ஆண்டுக் களிம்பு தோன்றுவதில்லை. ஆகலின் களிம்பேறுதற்குரிய இயல்பு செம்பின்கண் உடனாயுள்ளது. காற்றும் ஈரமும் அதனை வெளிப்படுத்துந் துணைக்காரணங்களே என்பது பெறப்படும்.

இனி, களிம்பெல்லாம் ஒருதன்மைய அல்ல. பழைய திருமேனிகளின்மேற் கருமையாகவோ கரும்பச்சையாகவோ இறுகி ஒட்டி வழுவழுப்பாய் நிற்பது ஒன்று. அஃது உள்ளிருக்கும் உலோகத்திற்குப் போர்வைபோல் நின்று காப்பதாகலின் அதனைச் சுரண்டலாகாது. வெளிறிய பச்சைத் தூளாய்ப் புள்ளி புள்ளியாக எழுந்து, துடைக்கத் துடைக்க மீள வருவது மற்றொன்று. உப்பின் கூறு உலோகத்துட் புகுந்து ஈரத்தொடு கூடி அரித்தலான் வருவது இது. மண்ணுட் புதைந்து கிடந்து வெளிப்பட்ட திருமேனிகளில் இதனைக் காணலாம். சென்னை அரசினர் அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டில் அமைந்த வேதியியல் ஆய்வுக்கூடம், இத்தகைய அரிப்புற்ற செப்புத் திருமேனிகளை மின்னாற்றலாற் செம்மைசெய்யும் பணியை மேற்கொண்டது. இந்நோய் கண்ட திருமேனியைத் தேய்த்தலாற் பயனில்லை. வல்லாரிடங் காட்டலே முறை.

புளி களிம்பைக் கரைப்பது தன் புளிப்பினால். அப்புளிப்பு நெடும்பொழுது தங்கின் களிம்பளவில் நில்லாது பித்தளையையும் பற்றும். துத்தநாகம் நீங்கச் செம்பின் சிவப்புப் புறத்தே தோன்றுவது அதனாலேயாம். புளியொடு உப்புஞ் சேர்ப்பின், மேற்கூறிய அரிப்பிற்கு நாமே வித்திட்டவராவோம். செங்கற்பொடியும் மணலும் நாருங் கொண்டு தேய்ப்பின் ஒவ்வொரு முறையும் ஒரு நுண்படலம் தேய்ந்தொழியும். சிற்பி மெழுகில் அமைத்து வார்த்த கண்வரையும் இதழ்நகையும் விரல்நகமும் பூணூற்புரியுமே முதலில் மழுங்குவன.

ஆதலின், திருமஞ்சனம் ஆனவுடன் தூய நீரால் நன்கு கழுவுக. பாலும் தயிரும் பஞ்சாமிர்தமும் இளநீரும் பீடத்தின் இடுக்கிலும் திருக்கரங்களின் பின்புறத்தும் தங்கவிடற்க. மெல்லிய பருத்தித் துணியால் ஈரம் புலர ஒற்றி, உலர்ந்த இடத்தில் எழுந்தருளச் செய்க. புளி வேண்டுங்கால் நீரிற் கரைத்து, உப்பின்றிச் சிறிதே பூசி, விரைவிற் கழுவுக. இவை இல்லத்துத் திருமேனிகட்கு உரியன. ஆலயத்திற் பிரதிட்டை செய்யப்பெற்ற திருமேனிகளைத் தீண்டுதற்குரியார் ஆசாரியரே. அவை பழுதுற்றவழி ஆகமம் விதித்த சீர்ணோத்தாரண முறையே கொள்ளத்தக்கது.

உலோகந்தானே, தேய்ந்தால் வேறொன்று வார்த்துக்கொள்ளலாமே எனின், அற்றன்று. இறைவன் கொள்ளுந் திருவுருவம் அருளுருவம் என்பது சித்தாந்தம். புறத்தே கண்ட திருமுகமே அகத்தே தியானத்திற்குப் பற்றுக்கோடாவது. அம்முகம் மழுங்கிப் பளபளப்பு மட்டும் மிகுமாயின், வழிபடுவோன் பற்றுக்கோட்டை இழந்தவனாவான். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலத்தைக் கழுவுதலையும் ஆலயத்தை அரனெனத் தொழுதலையும் ஒருங்கு வைத்து ஓதுதல் ஈண்டு நினையத்தக்கது. ஆலயம் என்பதனுள் ஆங்கு எழுந்தருளிய திருமேனிகளும் அடங்கும். திருமேனியைக் கழுவுதல் நம் கைத்தொண்டு. நம் மலத்தைக் கழுவுதல் அவன் திருவருட்செயல். செம்பின் களிம்பு இரசகுளிகையால் அறுவதென நூல்கள் கூறுவதும் இக்கருத்துப்பற்றியே. ஆகவே களிம்பை அடியோடு ஒழிப்பேமென்று திருமுகத்தைத் தேய்த்தழியாது, தம் தொண்டின் எல்லையறிந்து அன்பர்கள் மென்மையாகப் பேணுவார்களாக.

திருச்சிற்றம்பலம்.