தாம்பரம் வேட்பாளரிடம் எதைக் கேட்கலாம்?

சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் தாம்பரம் பக்கம் வீட்டு கேட்டில் செருகப்படும் நோட்டீஸ்களைச் சேர்த்து வைத்துப் படித்தால், கட்சிக்குக் கட்சி படம்தான் மாறும், பட்டியல் மாறாது. இளைஞர்களுக்கு வேலை, வரிச்சுமை குறைப்பு, வெள்ளத்துக்கு நிரந்தரத் தீர்வு, மனைப்பட்டா, பாதாளச் சாக்கடை, மெட்ரோ ரயில். இவற்றில் எது சட்டமன்ற உறுப்பினரின் கைக்கு எட்டும், எது மாநகராட்சி மன்றத்துடையது, எது டெல்லியில் முடிவாவது என்று எந்த நோட்டீசும் பிரித்துச் சொல்வதில்லை. பிரித்துச் சொன்னால் பாதி வாக்குறுதிகள் உதிர்ந்துவிடும்.

தாம்பரம் 31-ஆம் எண் தொகுதி. 2006, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களில் தி.மு.க.வின் எஸ்.ஆர்.ராஜா வென்றார். இடையில் 2011-இல் அ.தி.மு.க.வின் டி.கே.எம்.சின்னையா வென்று அமைச்சரும் ஆனார். 2021-இல் இருவரும் நேருக்கு நேர் மோதியதில் ராஜா 36,824 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து, 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி உருவானது. மாநகராட்சியின் எல்லை வேறு, தொகுதியின் எல்லை வேறு. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர்க்காரர்கள் தாம்பரம் மாநகராட்சிக்கு வரி கட்டுவார்கள், பல்லாவரம் தொகுதியில் வாக்களிப்பார்கள். யாரிடம் எதைக் கேட்பது என்ற குழப்பம் இங்கிருந்தே தொடங்குகிறது.

வரி: யார் குறைக்க முடியும்?

அரசியலமைப்பின் 207-ஆவது பிரிவின்படி, வரி விதிக்கும் மசோதாவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் சட்டமன்றத்தில் கொண்டுவர முடியாது. நடைமுறையில் அது அரசு மட்டுமே செய்யக்கூடியது. ஆனால் ஒரு வரியைக் குறைக்கவோ நீக்கவோ திருத்தம் கொண்டுவர இந்தப் பரிந்துரை தேவையில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ஆக, உறுப்பினர் ஒருவர் வரிக் குறைப்புத் திருத்தம் கொண்டுவரலாம். கொண்டுவந்து, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியே பறிபோகலாம். அமெரிக்க மாநிலங்களில் ஒரு வேட்பாளர், ‘எந்த வரி உயர்வுக்கும் வாக்களிக்க மாட்டேன்’ என்று தன் பெயரில் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சொந்தக் கட்சியை எதிர்த்தும் வாக்களிக்கலாம். நம் ஊரில் வேட்பாளருக்குத் தனி வரிக் கொள்கை என்று ஒன்று கிடையாது. அவர் சொல்வது கட்சியின் தேர்தல் அறிக்கை.

மாநில அரசின் கையில் மிஞ்சியிருக்கும் வரிகளும் குறைவு. 2017 ஜூலை முதல் பெரும்பாலான பொருள்களுக்கான வரியை ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்கிறது. அங்கே தமிழ்நாடு பல மாநிலங்களில் ஒன்று. பெட்ரோல், டீசல், மது, வாகன வரி, முத்திரைத் தீர்வை போன்றவைதான் கோட்டையில் முடிவாகின்றன. பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாக 2021-இல் தி.மு.க. சொன்னது. அந்த ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரி குறைந்தது. டீசல் அப்படியே நின்றது.

மாடம்பாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ மனை வாங்குகிறவரை அதிகம் சுடுவது பத்திரப்பதிவுச் செலவு. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023-இல் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்துவிட்டு, மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றினார்கள். வழிகாட்டி மதிப்பில் 20 லட்சமாக இருந்த மனைக்கு, முத்திரைத் தீர்வையும் சேர்த்து 11 சதவீதம் என்றால் 2.20 லட்சம் செலவு. மதிப்பு ஏறி ஏறக்குறைய 30 லட்சமான பின் 9 சதவீதம் என்றால் 2.70 லட்சம். ‘கட்டணத்தைக் குறைத்தோம்’ என்று ஒருவர் மேடையில் பேசினால் அது உண்மை. ‘கூடுதலாகப் பிடுங்கினார்கள்’ என்று எதிரணி பேசினால் அதுவும் உண்மை. (அந்த மதிப்பு உயர்வுச் சுற்றறிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், முறைப்படி மதிப்பு திருத்தப்பட்டு 2024 ஜூலை முதல் அமலானதும் தனிக் கதை.) இந்தச் செலவில், சொத்து மதிப்பின் 2 சதவீதம் சொத்து மாற்றத் தீர்வையாக உள்ளாட்சிகளுக்குப் போகிறது. புறநகரில் ஃபிளாட் விற்பனை சூடாக இருப்பதில் உள்ளாட்சிகளுக்கும் ஆதாயம் உண்டு.

சொத்து வரியைப் பற்றி வேட்பாளர்கள் பேசுவதைக் கேட்கும்போது தேர்தல் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 2018-இல் அ.தி.மு.க. அரசு வரியை உயர்த்தியது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தது. 2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. ஆறே வாரத்தில் தி.மு.க. அரசின் உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னை நீங்கலாக மற்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். உள்ளாட்சிகள் சொத்து வரியைச் சீராக உயர்த்தினால்தான் மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனையை அரசு காரணமாகக் காட்டியது. காரணம் பொய்யில்லை. ஆனால் அந்த நிபந்தனை தேர்தலுக்கு முன்பும் இருந்தது. பின்னர் ஆண்டுதோறும் வரியை உயர்த்துவதற்கும் வழி செய்யப்பட்டது. ‘வீட்டு வரியைக் குறைப்பேன்’ என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: நிதிக்குழு மானியத்தை விட்டுக்கொடுக்கப் போகிறீர்களா, இல்லை அந்தப் பணத்தை மாநில அரசு ஈடு செய்யுமா?

வேலை

இதில் நோட்டீஸ் சொல்வதற்கும் நடப்பதற்கும் தூரம் அதிகம். தாம்பரத்தின் பெரிய வேலைக்களமான மெப்ஸ், 1984-இல் சானடோரியத்தில் தொடங்கப்பட்டது. அது மத்திய வர்த்தக அமைச்சகத்தின்கீழ் இயங்கும் சிறப்புப் பொருளாதார மண்டலம். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையின் கதையைப் பாருங்கள். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் நிறுவனம் அறிவித்தது, 2022-இல் ஆலை மூடியது. 2024-இல் மீண்டும் வருவதாகச் சொல்லி, 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. இம்முறை தயாராகப் போவது கார் அல்ல, இன்ஜின். சொல்லப்பட்ட நேரடி வேலைகள் சுமார் 600. இதில் எந்த முடிவும் தொகுதி அளவில் எடுக்கப்படவில்லை. தனியார் நிறுவனங்களில் 75 சதவீத வேலை தமிழர்களுக்கே என்று சட்டம் கொண்டுவருவதாக 2021-இல் தி.மு.க. வாக்களித்தது. அதே போன்ற ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. இனி யார் இதை மீண்டும் சொன்னாலும் அந்தத் தீர்ப்பைத் தாண்டும் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் முடிந்து இரவில் வீடு திரும்பும் பெண் தொழிலாளிக்கு ஒரகடத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் தாம்பரத்துக்கு பஸ் கிடைக்குமா என்பது சிறிய கேள்விதான். அதற்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

ஏரியும் பட்டாவும் ஒரே நோட்டீஸில்

உள்ளூர்ப் பிரச்சினைகளில்தான் வேட்பாளரின் நிலைப்பாட்டுக்கு எடை உண்டு. முடிச்சூர் 2015-இல் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மேற்குத் தாம்பரம், வரதராஜபுரம் மக்கள் மறுபடி மொட்டை மாடிக்கு ஏறினார்கள். ஆதனூர் பக்கம் தொடங்கும் அடையாற்றில் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரும் வந்து சேர்கிறது. ஏரியும் ஆறும் பெரும்பாலும் நீர்வளத் துறை, தெரு வடிகால் மாநகராட்சி, சாலையோரக் கால்வாய் நெடுஞ்சாலைத் துறை, தண்டவாளத்துக்கு அடியில் போகும் சிறுபாலம் ரயில்வே. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். பக்கத்தில் இருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது, ஆனால் டெண்டருக்கு நன்றாகத் தெரியும். ஒரு துறை மூடுகால்வாய் கட்டி முடிக்கும், அடுத்த துறையின் பகுதி பாதியில் நிற்கும். ‘வடிகால் அமைப்பேன்’ என்பவரிடம், அந்த வடிகால் எந்த இடத்தில் ஆற்றில் கலக்கிறது, வழியில் யாருடைய நிலம் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு உடனே உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அடுத்தது பட்டா. சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டருக்குள் அரசுப் புறம்போக்கில் குடியிருப்போருக்குப் பட்டா தர 1962 முதல் தடை இருந்தது. இங்கே எல்லோரும் ‘பெல்ட் ஏரியா’ என்று சொல்வது இதைத்தான். ஐம்பது ஆண்டுகள் குடியிருந்து, மின் கட்டணமும் வீட்டு வரியும் கட்டி வந்தாலும் வங்கிக் கடன் கிடைக்காது. 2025 பிப்ரவரியில் அமைச்சரவை ஒருமுறை விலக்காக, இந்த வளையத்துக்குள் 29,187 பேருக்குப் பட்டா தர முடிவெடுத்தது. ஆகஸ்டில் பல்லாவரத்தில் பெரிய விழா நடத்திப் பட்டாக்களை வழங்கினார்கள். அறுபது ஆண்டுச் சிக்கல் அவிழ்ந்தது பெரிய விஷயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீர்நிலைப் புறம்போக்கு இந்த விலக்குக்குள் வராது. 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் உயர் நீதிமன்ற உத்தரவுகளும் அதற்குக் குறுக்கே நிற்கின்றன.

இங்கேதான் நோட்டீஸ் தனக்குத்தானே முரண்படுகிறது. ஒரு வரியில் ‘ஏரிகளைக் காப்போம்’, அடுத்த வரியில் ‘அனைவருக்கும் பட்டா’. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளைச் சீரமைக்கக் கோரி ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டவர்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தினர். ஏரிக்கரையில் ஓட்டு வீடு போட்டு வாழ்பவர்கள் வேறு மக்கள். பெரும்பாலும் ஏழைகள், வாக்குச்சாவடிக்குத் தவறாமல் வருபவர்கள். இரு தரப்பையும் தனித்தனியாகச் சந்தித்து இரண்டு பேருக்கும் தலையாட்டுவது வேட்பாளர்களின் பழைய கலை. எந்தச் சர்வே எண்ணில் பட்டா, எந்தச் சர்வே எண்ணில் மாற்றிடம், அந்த மாற்றிடம் எங்கே என்று அவர்கள் கேட்டால் கலை பலிக்காது. பெரும்பாக்கம் போல வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் தொலைவான அடுக்குமாடிக்குத்தான் அனுப்புவார்கள் என்றால் அதையும் வாக்கு கேட்கும்போதே சொல்லட்டும்.

மெட்ரோ பற்றிச் சுருக்கமாக: விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15.5 கிலோமீட்டர். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது 2023 டிசம்பர் 30-இல். அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய இந்தப் பாதைக்குப் பணமும் ஒப்புதலும் மாநில, மத்திய அரசுகள் இரண்டிடமிருந்தும் தேவை. தொகுதி வேட்பாளர் இதைத் தன் சாதனையாக அச்சிட்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

வென்ற பின் அவர் கையில் நேரடியாக இருப்பது தொகுதி மேம்பாட்டு நிதி. 2021–26 சட்டமன்றக் காலத்தில் அது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். மாநகராட்சி முழுதும் பாதாளச் சாக்கடைக்கு வேண்டிய தொகையோடு ஒப்பிட்டால் அற்பம். பள்ளி வகுப்பறை, சமுதாயக் கூடம், தெருவிளக்கு வரை வரும். அதைவிடப் பயனுள்ள கருவிகள் அவையில் இருக்கின்றன: கேள்வி நேரம், மானியக் கோரிக்கை விவாதம், அமைச்சர் சொன்னது நடந்ததா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழு. ஆண்டுக்கு 100 நாள் அவை கூடும் என்று 2021-இல் தி.மு.க. சொன்ன வாக்கு எந்த ஆண்டும் நிறைவேறவில்லை. அவை கூடாவிட்டால் கேள்வி கேட்கவும் இடமில்லை.

இன்னொரு காகிதமும் இருக்கிறது. தொகுதியின் மிக அவசரமான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும்படி 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டம் என்று அதற்குப் பெயர். தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் தொகுதிகளின் பட்டியல்களைச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வேலை, வெள்ளம், பட்டா ஆகியவற்றில் எது அந்தப் பத்துக்குள் இடம் பிடித்தது, எதற்கு அரசாணை வந்தது என்று நோட்டீசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அரை மணி நேரம் போதும்.