கூலிப்படையும் குருதியின் பொறுப்பும்

இராஜபாளையத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்வோர் சேத்தூரை அடுத்து, மலையடிவாரத்தில் தேவதானம் எனும் ஊரைக் காண்பர். கோயிலுக்கென இறையிலியாக விடப்பட்ட நிலத்துக்குத் தேவதானம் என்பது பழம்பெயர். வரி தண்டுவோர் கைவைக்கலாகாத நிலம் என்பது அதன் உட்பொருள். அதற்குத் தெற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல் ஆகிய பாளையத்து ஊர்கள் உள்ளன. 1755 முதல் 1767 வரை, வரியின் பெயராலேயே இவ்வட்டாரம் மீண்டும் மீண்டும் போர்க்களமாயிற்று. அப்போர்களில் முன்னின்றது ஒரு வணிக நிறுவனத்தின் படை என்பதை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை.

தனியார் இராணுவ நிறுவனம் என்பது ஈராக் போரோடு தோன்றிய புதுமை என்று பலரும் கருதுகின்றனர். 1600-இல் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, பங்குதாரர்களுக்கு இலாபம் ஈட்ட வேண்டிய ஒரு நிறுவனமே. அது தனக்கெனப் படை வைத்திருந்தது. அப்படையைப் பிறருக்கும் வழங்கியது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா, பாளையக்காரர்களிடம் கப்பம் பெறுவதற்கு அப்படையின் உதவியை நாடினார். செலவு அவர் தலையில் விழுந்தது. செலவுக்குப் பணமில்லாதபோது கடன். கடனுக்கு ஈடாக நாட்டின் வருவாய். அவ்வருவாயைத் தண்ட மீண்டும் படை. இச்சுழலில் நசுங்கியவன் உழவன்.

1755-இல் கர்னல் ஹெரான் என்பவர் கம்பெனிப் படையுடன் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வந்தார். நவாபின் தமையனார் மஹ்பூஸ் கான் உடன் வந்தார். சிப்பாய்களுக்குத் தலைமை வகித்தவர் யூசுப் கான். புலித்தேவரின் நெற்கட்டும்செவலை அவர்களால் அசைக்க இயலவில்லை. ஆனால் திருநெல்வேலிக்குத் தெற்கே நெல்லிக்கோட்டை என்று குறிக்கப்படும் சிறு கோட்டையில் நிகழ்ந்ததை, கம்பெனியின் வரலாற்றாசிரியரான ராபர்ட் ஆர்ம் தாமே வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார். உள்ளே இருந்த 400 பேரில் உயிர் தப்பியவர் அறுவர் மட்டுமே. பெண்களும் குழந்தைகளும் வெட்டப்பட்டனர்.

அதே ஆண்டில் ஹெரான் சென்னைக்குத் திரும்ப அழைக்கப்பட்டு, இராணுவ நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். கம்பெனிப் பணிக்கு இனி என்றும் தகுதியற்றவர் என்று தீர்ப்பாயிற்று. நெல்லிக்கோட்டைக்கு நீதி கிடைத்தது என வாசகர் மகிழ்ந்துவிட வேண்டாம். அவரை வீழ்த்தியவை கையூட்டும், மேலிடத்தின் ஆணையை மீறி மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை மஹ்பூஸ் கானுக்கு ஆண்டுக்கு 15 லட்ச ரூபாய் குத்தகைக்கு விட்டதும் போன்ற குற்றங்களே. பணத்துக்குக் கணக்குக் கேட்ட கம்பெனி, குருதிக்குக் கணக்குக் கேட்கவில்லை.

யூசுப் கானைப் பற்றியும் ஒரு சொல். கம்பெனியை எதிர்த்து நின்று, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் என்பதால் நம்மவர் அவரைப் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர். மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் உள்ளது. அப்பெருமை நியாயமே. எனினும் 1761-இல் வாசுதேவநல்லூரையும் நெற்கட்டும்செவலையும் கம்பெனிக்காகவும் நவாபுக்காகவும் வீழ்த்தியவரும் அவரே. அவரும் சீமையைக் குத்தகைக்கு எடுத்தவர்தாம். ஏவியவர்கள் பயன் தீர்ந்ததும் அவரையே பலியிட்டனர். நவாபும் முஸ்லிம், கானும் முஸ்லிம் என்பதற்காக இவ்வுண்மையை மறைப்பது வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதியாகாது.

அனுப்பியவரின் பொறுப்பு எதுவரை என்பதற்கு நம் ஸீரா நூல்களில் தெளிவான முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 8-இல், மக்கா வெற்றிக்குப் பின், காலித் பின் வலீத் (ரலி) பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். இஸ்லாத்தை ஏற்றதை அம்மக்கள் உரிய சொல்லால் கூறத் தெரியாமல் வேறொரு சொல்லால் கூறினர். அதனைக் காலித் ஏற்கவில்லை, சிறைப்பட்டோர் கொல்லப்பட்டனர். தம்மிடமிருந்த கைதியைக் கொல்ல அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) மறுத்துவிட்டார்கள். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்ததிலிருந்து தாம் விலகியவர் என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். இதனை புகாரீ பதிவு செய்கிறார்.

பலர் இவ்விடத்தோடு நிறுத்திவிடுகின்றனர். இதன் பின்பகுதியை இப்னு ஹிஷாமில் காண்கிறோம். அலீ (ரலி) அவர்களிடம் பணம் கொடுத்தனுப்பப்பட்டது. கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் திய்யத், அதாவது குருதி ஈட்டுத்தொகை, வழங்கப்பட்டது. இழந்த பொருள்களுக்கும், நாய் நீர் குடிக்கும் பாத்திரம்வரை, விலை கொடுக்கப்பட்டது. விடுபட்ட இழப்பு ஏதேனும் இருக்கலாம் என்று மீதித் தொகையையும் அவர்களிடமே விட்டுவந்தார்கள் அலீ (ரலி). செயலிலிருந்து விலகுவது வேறு, அதற்கு ஈடு செய்யும் கடமை வேறு. ‘நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை’ என்பது உண்மையாகவே இருப்பினும், அனுப்பியவரின் கடன் அதனால் தீர்வதில்லை. ஆட்சிப் பொறுப்பாளரின் பிழைக்கு பைத்துல்மால் ஈடு செய்ய வேண்டும் எனச் சட்ட அறிஞர் பலர் கூறியிருப்பதும் இவ்வடிப்படையிலேயே.

கூலிக்குப் போரிடும் அமைப்பில் இக்கண்ணி அறுந்துவிடுகிறது. 2004 ஜூனில் ஈராக்கின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் பிறப்பித்த 17-ஆம் ஆணை, ஒப்பந்ததாரர்களை அவர்தம் ஒப்பந்தப் பணிகளைப் பொறுத்து ஈராக்கியச் சட்டத்துக்கு அப்பாற்பட்டோர் ஆக்கியது. 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாதின் நிஸூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் நிறுவனக் காவலர் சுட்டதில் 17 பேர் மாண்டனர் என்பது ஈராக் அரசின் கணக்கு. ஊர் நீதிமன்றம் விசாரிக்க வழியில்லை. அமெரிக்க நீதிமன்றம் 2014-இல் நால்வரைக் குற்றவாளிகள் எனக் கண்டது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். திய்யத்தில் மன்னிக்கும் உரிமை மாண்டவரின் வாரிசுகளுக்கு உரியது என்பதை நம் மாணவர்கள் தொடக்க நூலிலேயே படிக்கின்றனர்.

அபூ குரைப் சிறைச்சாலை வழக்கு வேறு விதமாய்ச் சென்றது. 2003, 2004-இல் அங்கு வதைக்கப்பட்டோர் சார்பில், விசாரணையாளர்களை அனுப்பிய சிஏசிஐ என்ற தனியார் நிறுவனத்தின் மீது 2008-இல் வழக்குத் தொடரப்பட்டது. எம் ஆட்கள் அங்கே இராணுவத்தின் ஆணைக்குக் கட்டுப்பட்டிருந்தனர், எமக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடியது. 2024 நவம்பரில், வர்ஜீனியாவில் நடுவர் குழு அவ்வாதத்தை ஏற்காது, ஈராக்கியர் மூவருக்கு மொத்தம் 4 கோடியே 20 லட்சம் டாலர் வழங்குமாறு கூறியது. வழக்குத் தொடுத்து அப்போது 16 ஆண்டுகள் கடந்திருந்தன.