முதலில் காணிக்கை, பிறகு கேமரா

குலசை தசரா என்று சொல்லிப் படங்களைத் தேடிப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே படம்தான் வரும். நாக்கைத் துருத்திய காளி, உயர்ந்த கிரீடம், முதுகில் கட்டிய கைகள், பின்னால் மங்கலாக ஒரு பெருங்கூட்டம். பத்தாம் நாள் இரவு, கடற்கரை. எடுத்தவர்களின் பெயரை மறைத்துவிட்டால் எது யார் எடுத்தது என்று சொல்ல முடியாது. அந்தப் படங்கள் பொய் இல்லை. ஆனால் அவற்றில் குலசை இல்லை என்பது என் கட்சி.

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 14 கிலோமீட்டரில் இருக்கிறது குலசை என்கிற குலசேகரன்பட்டினம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதால் வெளியூர்க்காரர்களுக்கும் இப்போது பெயர் தெரிந்த ஊர். தென்மாவட்டத்தாருக்கு அது என்றும் முத்தாரம்மன் ஊர். ஞானமூர்த்தீஸ்வரரும் அம்மனும் ஒரே பீடத்தில் சேர்ந்து அமர்ந்திருக்கும் கோயில். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் கொடி ஏறும். விரதம் இருப்பவர்கள் வந்து கையில் காப்பு கட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகே வேடம்.

நோய் தீர, பிள்ளை பிறக்க, கடன் அடைய, வழக்கு முடிய என்று ஏதோ ஒன்றை வேண்டிக்கொண்டு, 'இன்ன வேடம் போடுகிறேன் தாயே' என்று வாக்குக் கொடுத்தவர்கள் இவர்கள். வேடம் கட்டியவர் வீட்டில் உட்கார முடியாது. தெருத்தெருவாக, கடைகடையாகப் போய்க் கையேந்த வேண்டும். சேர்ந்ததைக் கோயில் உண்டியலில் செலுத்தினால்தான் நேர்த்திக்கடன் தீரும். வசதியுள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் இதில் கிடையாது. சொந்தமாகக் கடை வைத்திருப்பவரும் பக்கத்துக் கடையில் போய்த் தட்டு நீட்டுவார்.

படம் எடுக்கப் போகிறவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான். உங்கள் முன்னால் நிற்பவர் உங்களுக்குக் காட்சி கொடுக்க வரவில்லை. உங்களிடம் கேட்க வந்திருக்கிறார். நீங்களோ அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளக் கேமராவைத் தூக்குகிறீர்கள். கேட்டு வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அவர் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. பையில் சில்லறையும் பத்து ரூபாய்த் தாள்களும் வைத்துக்கொள்ளுங்கள். காணிக்கையைத் தட்டில் போடுங்கள். அவர் கொடுக்கும் திருநீற்றையோ குங்குமத்தையோ வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு "அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேளுங்கள். இதைப் படத்துக்குக் கொடுக்கும் கூலியாக நினைக்க வேண்டாம். தெருவில் நிற்கும் மற்ற எல்லாரும் செய்வதையே நீங்களும் செய்கிறீர்கள். அதன் பிறகு அவர் உங்களைப் பார்க்கும் பார்வை வேறு. அந்தப் பார்வை படத்தில் விழும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம் கடற்கரை இல்லை. உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை, நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களின் பஜார்களில், பத்தாம் நாளுக்கு முந்தைய பகல்களில் அது நடக்கிறது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் தசராக் குழுக்கள் மேளத்தோடு கிளம்பும். முன்னால் காளி, பின்னால் ராஜா ராணி, குறவன் குறத்தி, போலீஸ்காரர், கரடி, குரங்கு, எமன். கருப்பட்டி மூட்டைகள் அடுக்கியிருக்கும் உடன்குடிக் கடை வாசலில் கிரீடம் வைத்த ராஜா கையேந்தி நிற்கும்போது, கல்லாவில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். காசை எடுத்து, கண்ணில் ஒற்றி, எழுந்து நின்று போடுகிறார். ராஜா குனிகிறார். திருவிழா மொத்தமும் அந்த ஒரு சட்டகத்தில் இருக்கிறது. மெய்ஞ்ஞானபுரத்தில், உயர்ந்த தேவாலயக் கோபுரம் பின்னணியில் நிற்க, சாலையில் வேடக்காரர்கள் போவதை எடுக்கலாம். இந்த வட்டாரத்தின் வாழ்க்கை எப்படிக் கலந்திருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

1937-இல் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு ஊர்வலம் நடந்தபோது, புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸான் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காகப் போனார். மன்னரை அவர் படம் எடுக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களையே எடுத்தார். ஊர்வலங்களை எடுக்கிற எல்லாரும் அந்தப் படங்களை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். குலசையில் அவருடைய வழி இன்னொரு படி மேலே போக வேண்டியிருக்கிறது. இங்கே ஊர்வலத்தில் வருபவரும் ஜனம், பார்ப்பவரும் ஜனம். போன வருஷம் காசு போட்டவர் இந்த வருஷம் வேடம் கட்டியிருப்பார். ஆகவே இருவரையும் ஒரே படத்தில் வாங்குங்கள். தூரத்து லென்ஸைக் கழற்றிவிட்டு 35 மில்லிமீட்டரோடு கிட்டே போங்கள். கிட்டே போனால் பேசியாக வேண்டும். அது நல்லது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடன்குடிப் பக்கம் தேரி மண் சிவப்பு. வேடங்களிலும் சிவப்பே அதிகம். உச்சி வெயிலில் இரண்டும் வெந்துபோய் ஒரே திட்டாகத் தெரியும். கிரீடத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்கரைக்கு மேலும்தான் முகம் முகமாக இருக்கும். நடுப்பகலில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் கடைப் பந்தலின் நிழலுக்கு அவர்கள் வரும்வரை பொறுங்கள். எப்படியும் வருவார்கள். கறுப்போ நீலமோ பூசிய முகத்தைக் கேமராவின் மீட்டர் தப்பாகப் படித்து வெளுக்க வைக்கும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். ஜரிகையும் தகரமும் ஃபிளாஷை அப்படியே திருப்பி அடிக்கும். எல்ஈடி விளக்குகளுக்குக் கீழே சில படங்களில் கறுப்புப் பட்டைகள் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

காளி வேடம் தனி. அதற்குத்தான் விரத நாள் அதிகம். கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஊரில் தசராப் பிறை என்கிற ஓலைக் குடில் போட்டு, அங்கேயே தங்கி, ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருந்து தயாராகிறார்கள். வேடம் ஏறிய பிறகு அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அம்மா' என்பார்கள், குறி கேட்பார்கள், காலில் விழுவார்கள். நீங்களும் 'அம்மா' என்றே சொல்லி அனுமதி கேளுங்கள். பிறையில் ஒப்பனை நடக்கும்போது குழுத் தலைவரைக் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாதவரிடம் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நான் வெளியிட மாட்டேன்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. பெண் வேடம் போட்ட ஆண்களைப் படம் பிடித்து, கீழே கேலி வாசகம் எழுதிப் பரப்புகிறார்கள். சேலை கட்டி, பூ வைத்து, வளையல் அடுக்கி நிற்பவர் தன் குழந்தையின் காய்ச்சல் தீர்ந்ததற்காக நிற்கலாம். அந்தப் படம் அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் போகும், அவர் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும். 'வினோத வேடம்' என்று தலைப்புப் போடுகிற பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. என்ன வேடம், எந்த ஊர், எத்தனையாம் நாள் என்று எழுதினால் போதும்.

பத்தாம் நாள் கடற்கரைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மகிஷாசுரன் யானையாகவும் சிங்கமாகவும் எருமையாகவும் முகம் மாற்றி வர, அம்மன் வதம் செய்யும் நள்ளிரவை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே லட்சக்கணக்கில் கூட்டம். தோளில் குழந்தையோடு நிற்பவரின் பார்வையை மறைத்துக்கொண்டு கேமராவை உயர்த்துவது நியாயமில்லை. உப்புக் காற்றும் மணலும் லென்ஸைக் கெடுக்கும். கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் கும்பிடுங்கள்.

எடுத்த படங்களைத் திருப்பிக் கொடுப்பதில்தான் பலர் நழுவிவிடுகிறார்கள். செல்போனில் அனுப்பினால் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள். அச்சடித்துக் கொடுங்கள். 2020-லும் 2021-லும் கொரோனாவால் சூரசம்ஹாரம் பக்தர்கள் இல்லாமல் நடந்தபோது, பழைய தசராப் படங்களுக்கு வீடுகளில் எவ்வளவு மதிப்பு என்பது தெரிந்தது. அச்சின் பின்பக்கம் வேடம், ஊர், ஆண்டு மூன்றையும் பென்சிலில் எழுதுங்கள். முகவரி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். குழுவின் பெயரும் ஊர்ப் பெயரும் தெரிந்தால் போதும். அடுத்த கொடியேற்றத்துக்குக் காப்பு கட்ட அந்த ஊரிலிருந்து வருகிற யாரிடம் கொடுத்தாலும் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.